பாட்டனாரின் பாட்டனாரைத் தேடி

கேள்வி: 1860-களில் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குக் கப்பலேறிய எங்கள் மூதாதையைச் சென்ஸஸ் கணக்காலும் மரபணுச் சோதனையாலும் கண்டுபிடிக்கலாமா? (வாசகர், காக்களூர்)

பதில்: சென்ஸஸ் தலைகளை எண்ணிற்றேயன்றிப் பெயர்களைப் பேணவில்லை, தொகை எடுத்தபின் வீட்டுப் படிவங்கள் அழிக்கப்பட்டன. மரபணுவோ இரத்த பந்தத்தைக் கூறும், நாமதேயத்தைக் கூறாது. பாட்டனாரின் பாட்டனாருடைய அம்சம் உங்களிடம் சுமார் பதினாறில் ஒரு பங்கே. ஆயினும், 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ தொடங்கி, கப்பல்தோறும் பிரயாணிகளின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள தழும்பு உட்பட எழுதிவைத்த பதிவேடுகள் நிலைத்திருக்கின்றன. அவற்றில் உங்கள் ஊர் அன்று அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவைத் தேடுங்கள். அதற்குமுன், வீட்டு மூதாட்டியாரிடம் அந்த மூதாதையின் தகப்பனார் பெயரைக் கேட்டு இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.