பல்லைப் பிடிச்சுப் பாத்து வாங்கு

வாடா பேராண்டி, திண்ணையில உட்காரு. காந்தி வீதி ஞாயித்துக்கிழமைச் சந்தையில ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பாத்து வச்சிருக்கியாமே. பெயின்ட்டு உரிஞ்சு, ஆணியெல்லாம் துருப்பிடிச்சு, மூலைக்கு மூலை அடிபட்டு, பாக்கவே கெத்தா இருக்காம். உங்க அப்பன் தலையில அடிச்சுக்கறான். நான் அடிச்சுக்க மாட்டேன். புதுசு வாங்கக் காசு இருந்தாப் போதும், பழசு வாங்கக் கண்ணு வேணும். உன்கிட்டக் காசு இல்ல. கண்ணு இருக்கு, அது எந்நேரமும் செல்போன்ல இருக்கு. அதான் கிழவனைத் தேடி வந்துட்டே.

கிழவனுக்குக் கிட்டாரைப் பத்தி இன்னா தெரியும்னு உன் கூட்டாளி வாயைப் பொத்திக்கினு சிரிக்கறான். சிரிக்கட்டும். பாகூர் பக்கத்துப் பம்புசெட்டு மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டின கை இது. உன் கிட்டார்ல பிக்கப்புன்னு ஒண்ணு இருக்கே, அது இன்னா? காந்தம், அதைச் சுத்திச் செம்புக் கம்பி. கம்பி தடிமன் 0.06 மில்லிமீட்டர்தான்; ஒரு பிக்கப்புக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து சுத்துவான். என் மோட்டாரு கரண்டு குடுத்தா ஆடும், உன்னுது ஆடினாக் கரண்டு குடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஃபெண்டர் ஃபெண்டர்னு உருகறியே, அந்த லியோ ஃபெண்டரு அமெரிக்காவுல ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த ஆளு. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமே மரியாதையாக் கேளு.

முதல்ல, கதைக்குக் காசு குடுக்காதே. நம்ம ஊர்ல எதை விக்கறவனும் ‘பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாமான் சார்’னுதான் ஆரம்பிப்பான். அலமாரிக்குச் சொன்னா சரி, பீங்கான் தட்டுக்குச் சொன்னாலும் சரி. கிட்டாருக்கும் அதையே சொன்னான்னா விரல் விட்டு எண்ணிப் பாரு. நீ ஆசைப்படற, ஃபெண்டர் கம்பெனியோட ரெண்டு கொம்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கடைக்கு வந்ததே 1954-ல. அதே வருஷம் அக்டோபர் 18, கீழூர்ல ஜனங்களோட பிரதிநிதிங்க 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு, அதுல 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க. நவம்பர் 1, பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் குடுத்துட்டான். அந்தச் சில மாசத்துக்குள்ள கிட்டாரு கப்பலேறி இங்க வந்து, ஒரு துரை அதை வாங்கி, பெயின்ட்டு உரியற அளவுக்கு வாசிச்சு, விட்டுட்டும் போனான்னா, அந்தத் துரை மத்தியானத் தூக்கத்தையும் தியாகம் பண்ணியிருக்கணும். புதுச்சேரியில அது நடக்கற காரியமா?

அந்தக் கதை எடுபடலைன்னா ஆரோவில்லை இழுப்பான். யாரோ ஜெர்மன்காரன் ஊருக்குத் திரும்பறப்ப விட்டுட்டுப் போனதும்பான். இருக்கலாம்பா, 1968-லேருந்து அங்க பல தேசத்து ஜனம் வந்து போய்க்கினுதான் இருக்கு. அதுவும் இல்லன்னா ‘சொல்தா வீட்டுப் பொருள், பாரீசுல வாங்கினது’ம்பான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் வீட்டுல எது வேணா கிடைக்கும், அதையும் மறுக்கல. ஆனா யாரு வச்சிருந்தாலும் தேஞ்ச ஃபிரெட்டு வளராது. கதையைக் காது குளிரக் கேளு, டீ வாங்கிக் குடு, காசை மட்டும் மடியிலயே வச்சிக்க.

இப்ப தழும்புக்கு வருவோம், ஏன்னா நீ மயங்கினது அதுலதான். ரோரி கல்லகர்னு அயர்லாந்துல ஒரு கிட்டார்க்கார மகராசன். 1961-ல செஞ்ச ஒரு ஸ்ட்ராட்டை 1963-ல பழசா, நூறு பவுனுக்கு வாங்கினாரு. ஒரு தடவை திருடு போய், மழையில நனைஞ்சு, திரும்பவும் கைக்கு வந்துச்சு. அவரோட வேர்வையிலயே பெயின்ட்டு பெரும்பாலும் போச்சும்பாங்க. 2024-ல அந்தக் கிட்டாரு ஏலத்துல ஏழு லட்சம் பவுனுக்குப் போச்சு. இதைப் பாத்துக்கினு சும்மா இருப்பானா யாவாரி? ஃபெண்டர் கம்பெனிக்காரங்களே 1995-லேருந்து ‘ரெலிக்’னு போடறாங்க. புத்தம்புதுக் கிட்டாரைச் சுரண்டி, இரும்பைத் துருவேத்தி, அதுக்குன்னு கூடுதல் விலை. அங்க பெரிய கம்பெனி சொல்லிட்டுச் செய்யறான், இங்க உப்புத்தாள் வச்சிருக்கறவன் சொல்லாமச் செய்வான். புது நாற்காலிக்குப் பழங்காலச் சாயம் பூசி வெள்ளைக்காரன் தலையில கட்டற ஊருடா இது. உனக்கு வேர்வைத் தழும்புதான் வேணும்னா ஒரு வழி சொல்றேன். ஏசியை அணைச்சிட்டு சித்திரை மாசம் முழுக்க வாசி. செலவே இல்ல.

அசல் தழும்பு எது, உப்புத்தாள் தழும்பு எதுன்னு எப்படித் தெரியும்? திருவண்ணாமலை தீபத்து மாட்டுச் சந்தைக்கு எங்க அப்பாவோட போவேன். கொம்புக்கு வர்ணமும் கழுத்துக்குச் சலங்கையுமா மாடு நிக்கும். அவரு அதையெல்லாம் பாக்கவே மாட்டாரு. நேரா வாயைப் பொளந்து பல்லைப் பாப்பாரு. உன் கிட்டாருக்குப் பல்லு, கழுத்துல குறுக்கால இருக்கற மெட்டு; ஃபிரெட்டுன்னு சொல்றியே, அதான். வீணைக்கு 24, இதுக்கு 21 இல்லாட்டி 22. கம்பியை நகத்தால ஒதுக்கிட்டு, ஒவ்வொரு மெட்டு மேலயும் பள்ளம் விழுந்திருக்கான்னு பாரு. உடம்பெல்லாம் உரிஞ்சு கிடக்க, மெட்டு மட்டும் மழமழன்னு நிக்குதா? ‘மெட்டு மாத்தினீங்களா?’ன்னு கேளு. இல்லன்னு சொன்னான்னா அது உப்புத்தாள் கிழவன், வயசு மூணு மாசம். முதல் மூணு மெட்டுல மட்டும் பள்ளமா? பழைய சொந்தக்காரன் மூணு கார்டு பழகி, ஒரு பொண்ணுக்குப் பாடிக் காட்டி, அதோட கல்யாணம் பண்ணிக்கினு போயிட்டான். அந்த மாதிரி கிட்டாரை யோசிக்காம வாங்கலாம். கழுத்து நெடுகத் தேஞ்சிருந்தா வாசிக்கத் தெரிஞ்ச கை ஆடியிருக்கு. ஐ.ஐ.டி.யில கப்பல் கட்டற படிப்பு படிச்சிட்டு எலெக்ட்ரிக் கிட்டார்லயே கர்நாடக சங்கீதம் வாசிக்கறாரே பிரசன்னா, அவரை மாதிரி கமகத்துக்குக் கம்பியை இழுத்து வாசிக்கற கையா இருந்தா மெட்டு சும்மா தேயும். கிட்டாரு நல்ல கிட்டாராத்தான் இருக்கும், ஆனா மெட்டு மாத்தற கூலியை விலையில கழிச்சுக்க. (உங்க அப்பன்கிட்ட பிரசன்னாவைப் பத்திப் பேசறப்ப ஐ.ஐ.டி.யை முதல்ல சொல்லு, கிட்டாரை அப்புறமாச் சொல்லு.)

அடுத்தது கழுத்து. ஆறு கம்பியும் சேந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்குது. ராத்திரி பகலா இழுக்குது. தலைமாட்டுலேருந்து ஒத்தைக் கண்ணை மூடிக்கினு நெடுகப் பாரு. முறுக்கிக்கினு இருந்தா வணக்கம் சொல்லிட்டு வந்துடு, இனாமாக் குடுத்தாலும் வேணாம். லேசா வளைஞ்சிருந்தா பயப்படாதே, உள்ள டிரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது, திருகினா நிமிரும். ஆனா அது கடைசி வரைக்கும் முறுக்கியாச்சான்னு திருகிப் பாக்கச் சொல்லு. தலை பின்பக்கம் சாஞ்ச கிட்டாரா இருந்தா, தலையும் கழுத்தும் சேர்ற எடத்துல விரலை ஓட்டிப் பாரு. கீழ விழுந்தா அங்கதான் ஒடியும், பசை போட்டு ஒட்டினது கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

தலையில எழுதியிருக்கற பேரை வெளிச்சத்துல வச்சு எழுத்துக் கூட்டிப் படி. அமெரிக்காக்காரன் கிப்சன், கல்கத்தாக்காரன் கிவ்சன். ஒரெழுத்துல விலை எங்கயோ போயிடும். கல்கத்தாவைக் குறை சொல்லல, நம்ம பசங்க எத்தனையோ பேரு விரல் பழகினது அதுலதான். கல்கத்தாவைக் கல்கத்தா விலைக்கு வாங்குங்கறேன்.

இனி என் சமாச்சாரம். ஆம்ப்ளிஃபயர்ல மாட்டி, திருகு ஒவ்வொண்ணையும் திருகு. கரகரன்னு கத்துதா? கத்தட்டும். கடற்கரை ஊரு, உப்புக்காத்து, உள்ள அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ரெண்டு தடவை அடிச்சா வாயை மூடிக்கும். வயரை மாட்டற ஜாக்கு ஆடுதா? ஈயப்பத்து வச்சா முடிஞ்சுது. ஆனா இதையெல்லாம் விக்கறவன் எதிர்ல சொல்லிடாதே. கரகரன்னு கேட்டதும் எழவு விழுந்த மாதிரி மூஞ்சை வச்சிக்கினு, ‘ஐயையோ, உள்ள மொத்தமாப் போச்சு போலயே’ன்னு ஒரு பெருமூச்சு விடு. அந்தப் பெருமூச்சு ஆயிரம் ரூபாய் பெறும். பிக்கப்பை மட்டும் நெசமாவே சோதிக்கணும். என் மல்டிமீட்டரை எடுத்துக்கினு போ. ஒத்தைக் காயில்னா ஆறு கிலோ ஓம் பக்கம் காட்டும், ரெட்டைன்னா எட்டு பக்கம். முள்ளு அசையவே இல்லன்னா காயில் அந்து போச்சு. பிரிட்ஜுங்கற பாலத்து மேல கம்பியைத் தாங்கற குட்டித் திருகுகளையும் பாரு. துருவுல இறுகியிருந்தா சுருதி சேராது, புதுப் பாலம் வாங்கற செலவு உன் தலையில.

விலை பேசறதுக்கு ஜூன் 21-க்கு முந்தின வாரம் போயிடாதே. 1982-ல பிரான்சுல ஆரம்பிச்ச ஃபெத் தெ லா மியூசிக்குங்கற சங்கீதத் திருவிழா அன்னிக்கு இங்கயும் வீதிக்கு வீதி பாட்டு. அந்த வாரம் ஊர்ல பாதிப்பேரு கிட்டாரிஸ்ட்டு, விலை வானத்துல நிக்கும். ஆகஸ்ட்டுல போ. அதுக்குள்ள அவங்களுக்கு விரல் நோவு வந்து கிட்டாரெல்லாம் பரண்ல ஏறியிருக்கும், அம்மாக்காரிங்க ‘எப்பத் தூக்கிக்கினு போறே’ன்னு வழி பாத்துக்கினு இருப்பாங்க. மாட்டுத் தரகர் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாரு, ஏன்னா வாய் பேசினா ஆசை வெளிய தெரிஞ்சிடும். உனக்கு மூஞ்சியிலயே தெரியுது. அதனால நீ பேசாதே, இந்தச் சிரிக்கற கூட்டாளியைப் பேசச் சொல்லு, அவனுக்குத்தான் கிட்டார் மேல ஆசையே இல்லையே.

விளையாட்டு இல்லாம ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. கிட்டாரோட பழைய ஆம்ப்ளிஃபயரையும் சேத்துத் தள்ளி விடுவான். அதோட பிளக்குல மூணாவது முள்ளை எவனாவது வெட்டியிருப்பான். உன் கிட்டார்க் கம்பியெல்லாம் எர்த்தோட சேந்தது. எர்த்து சரியில்லாத எடத்துல ஒரு கையில கம்பியும் வாய்கிட்ட மைக்குமா நின்னா உடம்பு வழியாக் கரண்டு போகும். 1972 மே 3-ல வேல்சு நாட்டு ஸ்வான்சியில லெஸ் ஹார்விங்கற கிட்டார்க்காரர் எர்த்து இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப் போனாரு. நம்ம வீட்டு எர்த்துக் குழிக்கு நேத்துதான் தண்ணி ஊத்தியிருக்கேன். நான் டெஸ்டரோட வந்து பாக்கற வரைக்கும் பிளக்கைச் சொருகாதே.

கிளம்பு. உங்க பாட்டி விலை கேட்டா நிசத்துல பாதியைச் சொல்லு. மிச்சப் பாதியை இந்தா, பிடி, இதை நான் குடுத்தேன்னு சொன்னேன்னு வை, அடுத்த ஞாயித்துக்கிழமை சந்தையில அவ என்னையும் வித்துடுவா. என் மெட்டெல்லாம் எப்பவோ தேஞ்சாச்சு, விலையும் போகாது.