கொச்சி சர்க்காரின் கல்விக் கொடை

கொச்சி சமஸ்தானம் கல்விக்குச் செய்ததைக் குறைத்துப் பேசினால் நாக்கு அழுகிப்போகும். 1818இலேயே திவான் நஞ்சப்பய்யா சமஸ்தானம் முழுக்க 33 பள்ளிக்கூடங்களைத் திறந்தார். அதே ஆண்டு டாசன் பாதிரியார் மட்டாஞ்சேரியில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார், சர்க்கார் கைகொடுத்தது. பள்ளி அதிக நாள் நிலைக்கவில்லை. அதனால் என்ன, தொடங்கிய புண்ணியம் எங்கே போய்விடும்? 1845இல் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், இன்னோர் ஆங்கிலப் பள்ளி வந்தது. 1875இல் அது கல்லூரியானது. இன்று அதற்குப் பெயர் மகாராஜா கல்லூரி. மட்டாஞ்சேரிப் பையன்கள் வள்ளம் ஏறிப் போய், குமாஸ்தாவாகவும் வக்கீலாகவும் திரும்பினார்கள்.

இத்தனை பள்ளிகள் பெருகிய காலத்தில், புலையர் வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி விரட்டும் அநாகரிக வேலைக்குச் சர்க்காருக்கு அவசியமே வரவில்லை. பள்ளிக்குப் போகிற சாலை இருக்கிறதே, அதிலேயே அவர்கள் நடக்கக்கூடாது. எந்தச் சாதி எந்தச் சாதியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கணக்குப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிடும். எர்ணாகுளத்து மண்ணில் கால் வைக்காதவன் எர்ணாகுளத்துப் பள்ளிக்கு எப்படி மனுப் போடுவான்? மனு வந்தால்தானே நிராகரிக்க வேண்டும்? கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும், பாருங்கள்.

இந்தச் சூட்சுமம் தெரியாமல் அமெரிக்காக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கேயும் அதே காலத்தில்தான் ஊர் ஊராகப் பொதுப் பள்ளிகள் பெருகின. ஜார்ஜியா மாநிலத்தின் ரிச்மண்ட் கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்துவைத்துவிட்டு, பிறகு பணம் போதவில்லை என்று 1897இல் மூடினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உயர்நிலைப் படிப்புக்கு மட்டும் பணம் போதியது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை அலைந்து, 1899இல்தான் ‘மூடியது தப்பில்லை’ என்று தீர்ப்பு கிடைத்தது. கொச்சியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வக்கீல் ஃபீஸாவது மிஞ்சியிருக்கும்.

பெண் கல்வியிலும் சர்க்கார் சளைக்கவில்லை. எர்ணாகுளத்தில் காஸ்ட் கேர்ள்ஸ் ஹைஸ்கூல் என்றே ஒரு பள்ளி இருந்தது. மேல்சாதிப் பெண்களுக்கு மட்டும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் பழக்கமே கிடையாது. அங்கே சமஸ்கிருத ஆசிரியராகப் பண்டிட் கறுப்பன் வந்தபோது பெரிய இடத்துப் பெற்றோர் கொதித்துப்போனார்கள். அவர் மீனவர் குடியில் பிறந்தவர். காளிதாசனில் மீன்வாடை அடித்துவிடக்கூடாதே என்ற இலக்கியக் கவலை அவர்களுக்கு. மன்னருக்கு அவ்வளவு நுட்பமான ரசனை இல்லை போலும். பிடிக்காதவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுவிட்டாராம்.

நிர்வாகத்தில் இருந்த ஒரே ஓட்டை, தண்ணீர். 1913இல் புலையர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைக்கக் கூட்டம் போட நினைத்தார்கள். கரையில் இடமில்லை. கறுப்பனும் புலையர் தலைவர் கிருஷ்ணாதி ஆசானும் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அங்கேயே கூட்டத்தை நடத்திவிட்டார்கள். சாலைக்கு விதி வைத்தவர்கள் காயலுக்கு வைக்க மறந்துபோனார்கள். தண்ணீர் மேல் மேடை போடுவான் என்று யார் கண்டது!

சர்க்காரை மட்டும் புகழ்ந்தால் மட்டாஞ்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜூ டவுனில் 1882இல் பிறந்த ஏ.பி. சேலம் எர்ணாகுளத்திலும் பிறகு சென்னையிலும் படித்து, கொச்சி யூதர்களில் முதல் வக்கீலானார். ஆனால் அவர் குடும்பம், ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழி வந்தது. 1568இல் கட்டிய பரதேசி சினகாக் என்ற யூதர் தொழுகைக்கூடத்தில் அவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது, முன்கூடத்துத் தரைதான். உள்ளே தரையில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள்; நீலப் பூ, கையால் வரைந்தது, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பி.ஏ., சட்டம் எல்லாம் படித்த கால் பட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பெரியவர்கள் பயந்திருக்கலாம். சேலம்தான் அதைப் புரிந்துகொள்ளாமல், காந்தி பாணியில் அங்கேயே சத்தியாக்கிரகம் இருந்தார்.

சர்க்கார் கல்வியின் சிகரம் என்றால் தாட்சாயணி வேலாயுதன்தான். முளவுகாடு தீவில் 1912இல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் வேதியியல் எடுத்தார். ஆய்வகத்தில் மேல்சாதி ஆசிரியர் அவரைக் குடுவை எதையும் தொடவிடவில்லை. மற்றவர்கள் செய்வதைத் தள்ளி நின்று பார்த்தே படித்தார். அமிலம் தெறிக்காது, கை சுடாது, கண்ணாடி உடைந்தால் அபராதமும் இல்லை. இவ்வளவு பத்திரமாக வேறெந்தக் கல்லூரி வேதியியல் கற்றுக்கொடுத்திருக்கும்? 1935இல் பட்டம் வாங்கி, பட்டியல் சாதிப் பெண்களில் நாட்டின் முதல் பட்டதாரி ஆனார்.

பிறகு அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். 1948 நவம்பர் 29ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது எழுந்து பேசினார். தள்ளி நின்றே எல்லாம் கற்றவரை, அந்த அவையில் யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. கல்லூரி அத்தனை சிரத்தையாகக் கொடுத்த பயிற்சி அங்கே பயன்படாமல் போனதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.