கையை எழுதிய புத்தகங்கள்

சிவகாசியில் பிறந்தவர்களுக்குத் தாள் பஞ்சம் கிடையாது. தீப்பெட்டி லேபிள், பள்ளி நோட்டு அட்டை, சாமி படம், தினசரி காலண்டர் என்று ஊர் ஊருக்கும் அச்சடித்து அனுப்புகிற மண். வெடி சுற்றுவதும் பழைய செய்தித்தாளில்தான். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் சிதறலில் தெரியாத மொழிகளின் எழுத்துகளைப் பொறுக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் 1980களில் எங்கள் வீட்டில் இருந்தவை பாடப்புத்தகம், பஞ்சாங்கம், அரிசிப் பானைக்குப் பின்னால் அண்ணன் ஒளித்து வைத்திருந்த காமிக்ஸ் கட்டு, இவ்வளவுதான்.

அந்தக் கட்டுதான் எனக்கு நூலகம். முத்து காமிக்ஸை 1972இல் சௌந்திரபாண்டியன் எங்கள் ஊரில் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

அதை நான் படித்தது பெட்டி ஒட்டிக்கொண்டே. அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அடிப்பெட்டி வேலை வாங்கி வருவாள். குரோஸ் கணக்கில் கூலி. 144 பெட்டி ஒரு குரோஸ். பசை விரலால் பக்கத்தைத் தொட்டால் அண்ணன் சண்டைக்கு வருவான் என்று புறங்கையால் புரட்டப் பழகிக்கொண்டேன். அந்தக் கதையில் எங்கள் ஊர் இல்லை என்பதே அன்று எனக்கு அதன் பெரிய அழகு. வெயில் இல்லை, கந்தக வாடை இல்லை, விடியுமுன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வருகிற கம்பெனி வண்டி இல்லை.

இன்று அதே கதையைப் படிக்கும்போது பிளாஸ்கோவின் நிழல்கள் என்னை இன்னும் கட்டிப்போடுகின்றன. கதை பாதி வழியில் சோர்ந்துவிடுகிறது. ஆனால் ஆளை மறைத்துக் கையை மட்டும் காட்டும் அந்தப் படங்களை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. எங்கள் ஊர்ச் சரக்கெல்லாம் அப்படித்தான் ரயிலேறியது. குச்சி அடுக்கியது, திரி வைத்தது, சரம் பின்னியது எல்லாம் கை. அந்தக் கை யாருடையது என்று எந்தப் பெட்டியிலும் இல்லை.

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் பதின்ம வயதிலேயே லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி. தன் புத்தியையும் கைகாலையும் நம்பி நடக்கிற ஒரு பெண்ணை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்கோ ஸ்பைடர் மேல் உயிர். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்காக என் கருத்து மாறவில்லை. சத்தம் அதிகம், மனுசர் குறைவு. கேப்டன் டைகர் வேறு சாதி. 'தங்கக் கல்லறை'யில் தண்ணீரில்லாத மலையும் ஆளை உரிக்கிற வெயிலும் பேராசையும் ஒன்றாகச் சேர்ந்து வருவதைக் கரிசல்காட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதை நல்ல நாவல்களின் வரிசையில் வைப்பேன்.

'பொன்னியின் செல்வ'னை ஒரு கோடை விடுமுறையில் ஐந்து பாகமும் முடித்தேன். அன்று வந்தியத்தேவனோடு குதிரையில் போனேன். இன்று பூங்குழலி படகைத் தள்ளும் இடங்கள் மட்டும் போதும் எனக்கு. உழைக்கிற உடம்பு அந்த நாவலில் வருகிற அபூர்வமான இடம் அது.

மதுரையில் மலிவாகக் கிடைத்த சோவியத் புத்தகங்கள் அடுத்து வந்தன. 'வெண்ணிற இரவுகள்' படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை; இப்போது அந்த இளைஞன் கொஞ்சம் அதிகமாகப் பேசுவதாகப் படுகிறது. சிங்கிஸ் அய்த்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' மட்டும் வயதோடு வளர்கிறது. எழுத்தறிவு அதிகமில்லாத ஒருவர் குதிரைக் கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்கி, குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைச் சுமந்து அக்கரை சேர்க்கிறார். நான் அதைப் படித்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைச் சுமந்துபோனது கம்பெனி வண்டி. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. என்னோடு பெட்டி ஒட்டியவர்களுக்கு அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் கதையில் வராது என்று நம்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில், முப்பது நாற்பது மைல் சுற்றளவில் அதை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். இடைசெவலில் கி.ராஜநாராயணன், மேலாண்மறைநாட்டில் மேலாண்மை பொன்னுச்சாமி, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ச.தமிழ்ச்செல்வன், கோவில்பட்டிப் பக்கம் பூமணி. இத்தனை அச்சகம் இருந்த ஊரில் எனக்கு அவர்கள் புத்தகங்களைத் தர ஒருவரும் இல்லை. இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. நான் காலண்டர் அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்த பிறகு, உடன் வேலை செய்த ஒரு பெரியவர் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்தார்.

1982இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்த பதினைந்து வயதுச் சிதம்பரம் அவனைக் கொன்றே விடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் கொலை எனக்குப் பின்னால் போய்விடுகிறது. எங்கே என்ன கிழங்கு கிடைக்கும், எதை எப்படிச் சுட்டுத் தின்பது, மகன் தூங்கும்போது அப்பன் எப்படி விழித்திருப்பான் என்பதே முன்னால் நிற்கிறது. தமிழில் தகப்பன்மையை இதைவிட நன்றாக எழுதிய நாவலை நான் படித்ததில்லை. 'அசுரன்' படம் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்பவர்களோடு நான் வாதாடுவேன். படத்தின் வேகம் நாவலில் இல்லை, இருக்கவும் கூடாது. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பட்ட பாட்டை 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தவரும் பூமணிதான்.

தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சின்னக் கதை. மச்சானைப் பார்க்கத் தாய் ஊருக்குப் போகிற ஒரு பெண்ணின் கதை, அவள் எதற்காக அழுகிறாள் என்பதில் முடிகிறது. தனக்காக அழவில்லை, அவன் சந்தோஷமாக இல்லையே என்று அழுகிறாள். எஸ்.ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி'யில் வேம்பலை ஊரின் வெக்கை முதல் பாகத்தில் பக்கத்தைச் சுடுகிறது, பிறகு மூட்டம் போட்டுக்கொள்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த மேலாண்மையாரின் கதைகள் சில நேரம் பிரசங்கமாகிவிடும். ஆனால் கடைசிப் பத்தியை விட்டுவிட்டுப் படித்தால் கூலிக்காரப் பெண்ணின் அன்றாடத்தை அவரளவு கூர்ந்து பார்த்தவர்கள் சிலரே.

எல்லாவற்றுக்கும் மேல் நான் வைப்பது பூமணியின் 'அஞ்ஞாடி'யை. 2012இல் க்ரியா வெளியிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பள்ளர் வீட்டு ஆண்டி, வண்ணார் வீட்டு மாரி என்ற இரண்டு சிநேகிதர்களில் தொடங்கி, கழுகுமலைக் கலவரம், 1899இல் சிவகாசிக் கொள்ளை என்று தலைமுறை தலைமுறையாகப் போகிறது. கொள்ளை என்ற சொல்லை எங்கள் பாட்டி வாயில் கேட்டு வளர்ந்தவள் நான். யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்பது இந்தப் புத்தகத்தில்தான் விளங்கியது. நீளம்தான். நடுவில் ஆட்களைத் தவறவிட்டுத் திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கும். குறைத்திருக்கலாம் என்பவர்களுக்கு என் பதில், வெளுப்பும் விதைப்பும் களையெடுப்பும் வருகிற பக்கங்களில் எதை வெட்டுவீர்கள் என்பதுதான்.

இப்போது விருதுநகரில் மாவட்ட நிர்வாகமே புத்தகத் திருவிழா நடத்துகிறது. மாயாவி வழுவழுத் தாளில், கெட்டி அட்டையில் வருகிறார். வாங்குபவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. எங்கள் பைண்டிங் பகுதியில் இருக்கும் தம்பிக்குப் போன வருசம் 'வெக்கை' கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்குக்கா. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதோட முடிச்சுட்டாரே, அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று இரண்டு நாள் என்னை விடவில்லை. அடுத்து 'அஞ்ஞாடி'யைக் கேட்டான். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதப் படுத்துக்கிட்டுப் படிக்க முடியாது, சோத்துப் பையிலயும் போகாது. பிரிச்சுக் கட்டிருவமா?" என்றான். சரி என்றேன். முதுகை வெட்டி, மூன்று பாகமாகத் தைத்து, காலண்டர் அட்டையில் மேலுறை போட்டுக் கொடுத்தான். முதல் பாகம் அவனிடம், இரண்டாவது என்னிடம். மூன்றாவதைத் தேதித்தாள் அடுக்குகிற பெண்களில் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். சிவகாசிக் கொள்ளை வருகிற பாகம் எதுவோ அதை முதலில் தாருங்கள், ஆண்டி கதையைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.