பீரங்கிக் குண்டுக்குக் கால் முளைத்ததா?

கேள்வி: கிரிமியப் போர்ப் படங்களில் எல்லோரும் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி நிற்கிறார்களே, ஏன்?

பதில்: அசைந்தால் முகம் கலைந்துவிடும்! 1855-இல் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டியிருந்தது. ஒரு படத்துக்கே பல விநாடிகள். பாயும் குதிரைக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒயின் வியாபாரியின் பழைய வண்டிதான் அவருடைய இருட்டறை. முந்நூற்றுக்கும் மேல் எடுத்தவர் சடலங்களைக் காட்டவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரே பள்ளத்தாக்கை இருமுறை எடுத்திருக்கிறார். ஒன்றில் சாலை காலி, மற்றதில் சாலை நெடுகப் பீரங்கிக் குண்டுகள். குண்டுகள் உள்ள படத்தில் கீழே சரிந்து கிடந்த சிறு கற்களை மற்றதோடு ஒப்பிட்டு, காலிச் சாலையே முதல் படம் என்றார் ஆவணப்பட இயக்குநர் எரல் மாரிஸ். அப்படியானால் குண்டுகளை யாரோ தூக்கிவந்து போட்டிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, சரிவில் உள்ள கற்களைப் பாருங்கள்.