மேற்படி சொத்தும் மேற்படியாரும்: திருச்சிப் பதிப்பின் பொது அறிவிப்புகள் குறித்து ஓர் ஐந்திணை ஆய்வு

1. ஆய்வின் தேவையும் களமும்

தலையங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கலாம். கருத்துப்படத்தை ஆராய்ந்தும் வாங்கலாம். ஆனால் நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டருக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே பொடி எழுத்தில் கிடக்கும் 'பொது அறிவிப்பு' என்ற இலக்கிய வகையை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அது நாள் தவறாமல் வெளிவருகிறது. அதற்கு ஆசிரியர் உண்டு. அவர் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்ற பட்டமும் உண்டு. மரபு ஓர் எழுத்தும் வழுவாமல் காக்கப்படுகிறது. இத்தனை இருந்தும் அதற்கு ஓர் உரையாசிரியர் அமையவில்லை. அக்குறை போக்கவே இச்சிறு முயற்சி.

கைலாசபுரத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்து 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய கொதிகலன் ஆலையை ஒட்டி, திருவெறும்பூர்ப் பக்கம் உருவான பெல் (பாரத மிகுமின் நிறுவன) ஊழியர் குடியிருப்பு அது. அங்கே வீடு, ரோடு, வேப்பமரம், மரத்தடி சிமென்ட் பெஞ்சு எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே ஊழியர்கள் சர்வீஸில் இருக்கும்போதே காட்டூரிலோ கே.கே.நகரிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு மனையை வாங்கிப் போட்டார்கள். மனை ஓர் ஊரில், பத்திரம் குவார்ட்டர்ஸ் பீரோவில், பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். நிலத்துக்கும் அதன் பத்திரத்துக்கும் உள்ள தூரம் கூடக் கூட, பத்திரம் தொலையும் வாய்ப்பும் கூடும் என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள். இந்தக் கருதுகோளைச் சோதிக்கக் கைலாசபுரத்தைவிடத் தோதான ஊர் கிடையாது.

2. முன்னோடிகள்

பொது அறிவிப்பை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பார் உளர். அவர்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஒருமுறை போய்வரலாம். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 1982-ல் வெளிவந்த 24-ஆம் தொகுதி முழுவதும் ரங்கநாதர் கோயில் கல்வெட்டுகளே. சோழர் காலத்து நிலக் கல்வெட்டு எதை எடுத்தாலும் விற்றவர் யார், வாங்கியவர் யார், கீழ்பாற்கெல்லை எது, தென்பாற்கெல்லை எது, சாட்சி யார் என்று வரிசை பிறழாமல் சொல்லும். இன்றைய பத்திர எழுத்தர் அக்கல்வெட்டுகளை எழுதியவர்களின் நேர் வாரிசு. ஒரே வேறுபாடு, கல்வெட்டு சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வெட்டப்பட்டது. இன்றைய அறிவிப்பு மறுநாள் சாயங்காலம் பஜ்ஜியின் எண்ணெயை உறிஞ்சப் போய்விடும்.

இரண்டாவது முன்னோடி முரசு. மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதைதான். யானைப் பிடரியில் முரசேற்றி இந்திர விழா ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இந்த மரபை விடவில்லை. அசையாச் சொத்தை ஜப்தி செய்தால் பறையடித்தோ வழக்கத்திலுள்ள வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது ஆர்டர் 21, ரூல் 54. தண்டோரா போடுவதை நிறுத்துங்கள், ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்று தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ஒரு சாராரையே காலங்காலமாகப் பறையடிக்க வைத்த இழிவு ஒழிய வேண்டியதுதான். முரசுக்கு ஒலிபெருக்கி வாரிசாகிவிட்டது. நாளிதழ் அறிவிப்புக்கு மட்டும் தொண்டை கிடையாது.

மூன்றாவது முன்னோடி அச்சு. 1780 ஜனவரி 29-ல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய இந்தியாவின் முதல் செய்தித்தாள், தன் பெயரிலேயே 'கல்கத்தா பொது விளம்பரதாரர்' என்றும் போட்டுக்கொண்டது. லண்டன் டைம்ஸ் 1966 மே 3-ஆம் தேதிதான் முதல் பக்கத்து வரி விளம்பரங்களை எடுத்துவிட்டுச் செய்தி போட்டது. ஆக, செய்தித்தாளில் விளம்பரம் நுழைந்தது என்பது வரலாற்றுப் பிழை. விளம்பரத்தாளில் செய்தி நுழைந்து, மெல்ல மெல்லத் திண்ணையைப் பிடித்துக்கொண்டது.

3. சட்டப் பின்புலம்

பிரதிவாதி சம்மனை வாங்காமல் போக்குக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் அமீனா போகும்போதெல்லாம் வீட்டில் "அவங்க வெளியூர் போயிருக்காங்க" என்கிறார்கள். அப்போது ஆர்டர் 5, ரூல் 20-ன்படி வேறு வழியில் சம்மனைச் சார்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிடும். நாளிதழ் விளம்பரம் அதில் ஒரு வழி. 1976 திருத்தத்தில் சேர்ந்தது. அப்படி வெளியிட்டால், அது பிரதிவாதியின் கையிலேயே கொடுத்ததற்குச் சமம். அவர் பேப்பர் வாங்கினாரா, கண்ணாடி போட்டிருந்தாரா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

எந்தப் பேப்பர்? பிரதிவாதி கடைசியாக, உண்மையாக, தன் விருப்பத்தின் பேரில் குடியிருந்த அல்லது தொழில் செய்த வட்டாரத்தில் புழங்கும் நாளிதழ். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சட்டம் அலட்டிக்கொள்ளவில்லை. இந்த நுட்பத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க, முடிவுரைக்கு வேண்டும்.

வங்கிக் கடனுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். கடனைக் கட்டு என்று 60 நாள் நோட்டீஸ். கட்டாவிட்டால் சொத்து சுவாதீனம். சுவாதீனம் எடுத்த 7 நாளுக்குள் இரண்டு முன்னணி நாளிதழ்களில் அறிவிப்பு, அதில் ஒன்று வட்டார மொழியில். ஒருவருடைய கடன் இரு மொழிகளில் வெளியாகும் பெருமை, நல்ல நாவல்களுக்கே எளிதில் வாய்ப்பதில்லை.

4. ஐந்திணைப் பகுப்பு

வகைப்பாடு இல்லாத ஆய்வு ஆய்வாகாது. மேலைநாட்டு முறைகள் எவையும் பொருந்தி வராததால் தொல்காப்பியர் வழியே செல்லலாயிற்று.

குறிஞ்சி (கூடலும் கூடல் நிமித்தமும்): மணமகன் தேவை, மணமகள் தேவை, பங்குதாரர் தேவை. மூன்றிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் முதலீடு.

முல்லை (இருத்தல்): வீடு வாடகைக்கு. ஆற்றியிருப்பவர் வீட்டு உரிமையாளர். 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று விதித்துவிட்டுக் கார்காலம் முழுவதும் காத்திருப்பார்.

மருதம் (ஊடல்): 'என் மகனுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.' 'படத்தில் உள்ளவர் எங்கள் நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்டார்.' பின்னதில் படம் போடுவது சிறப்பு. சேர்ந்த நாளில் யாரும் அவர் படத்தைப் போட்டதில்லை.

நெய்தல் (இரங்கல்): கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, நகைக் கடன் ஏலம். ஏல அறிவிப்பில் கடன் எண்கள் மட்டும் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு ஜோடித் தோடு இருக்கும்.

பாலை (பிரிவு): அசல் பத்திரம் காணவில்லை. இத்திணையே அளவாலும் ஆழத்தாலும் பெரிது. இதற்கு முதற்பொருள் நண்பகலும் நடுரோடும். கருப்பொருள் டூவீலர், மஞ்சள் பை, ஜெராக்ஸ் கடை.

5. ஜெராக்ஸ் விதி

பாலைத்திணை அறிவிப்பின் பொது வடிவம் வருமாறு:

'திருச்சி மாவட்டம், திருவெறும்பூர் தாலுகா, காட்டூர் கிராமத்தில் எனது கட்சிக்காரருக்குப் பாத்தியப்பட்ட வீட்டுமனையின் அசல் கிரயப் பத்திரத்தை, அவர் ஜெராக்ஸ் எடுப்பதற்காகத் தனது இருசக்கர வாகனத்தில் எடுத்துச் சென்றபோது வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டார். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. கண்டெடுப்பவர்கள் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும். மேற்படி பத்திரத்தைக் கொண்டு எவரேனும் வில்லங்கம் ஏற்படுத்தினால் அது எனது கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தாது.'

உரை: 'தனது' என்றது இரவல் வண்டியை விலக்குதற்கு. 'எங்கேயோ' என்றது, இன்ன இடம் என்றால் அங்கே போய்த் தேடு என்பாராதலின். 'எவ்வளவு தேடியும்' என்றது தேடாதாரையும் உளப்படுத்தற்கு. 'எடுப்பதற்காக' என்றது எடுக்கவில்லை என்பது பெறப்படுதற்கு. 'எவரேனும்' என்றது யாரை என்பது அவர்க்கும் வக்கீலுக்கும் தெரியும்.

இவ்வகை அறிவிப்புகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பத்திரம் போகும் வழியில்தான் தொலைகிறது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வரும் வழியில் தொலைத்தவர் அரிது. திரும்பும் வழியில் என்றால் நகல் கையில் இருந்தாக வேண்டும். எங்கே காட்டு என்பார்கள். இதனை 'ஜெராக்ஸ் விதி' என்று வழங்கலாம்.

அப்படியானால் பத்திரம் உண்மையில் எங்கே போகிறது? அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு, வட்டிக்குக் கொடுத்தவரின் இரும்புப் பெட்டிக்கு, அல்லது கரையானின் வயிற்றுக்கு. இம்மூன்றையும் அச்சில் சொன்னால் முதலாவது பாகப்பிரிவினை வழக்காகும், இரண்டாவது வில்லங்கமாகும், மூன்றாவதை யாரும் நம்ப மாட்டார்கள். நடுரோடு ஒன்றுதான் யார் மேலும் பழி போடாத இடம். உறவு முறியாமல் சொத்தை விற்கத் தமிழ்ச் சமூகம் கண்டுபிடித்த நாகரிகம் அந்த நடுரோடு.

அரசும் இந்த நாகரிகத்துக்கு விதி எழுதியது. தமிழ்நாடு பதிவு விதிகளில் 2022-ல் 55-ஏ சேர்க்கப்பட்டது: கிரயம் செய்யும்போது முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டு, தொலைந்திருந்தால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற போலீஸ் சான்றும் உள்ளூர் நாளிதழ் விளம்பரமும் கொண்டுவா. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விதியின் முதல் உட்பிரிவு பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. ஜெராக்ஸ் விதியை எந்த நீதிமன்றமும் தள்ள முடியாது. கடன் கொடுக்கும் வங்கியும் மனை வாங்குபவரின் மாமனாரும் பேப்பர் கட்டிங் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

6. எதிர்த்தரப்பு: உள்ளூர் விளம்பரம்

அதே பக்கத்தில் கால் பக்கத்துக்குக் கலரில் நிற்பது உள்ளூர் விளம்பரம். அறிவிப்பு வெளிவந்தால் போதும் என்று பணம் கட்டுகிறது. விளம்பரமோ படிக்கப்பட வேண்டும் என்று பணம் கட்டுகிறது. ஆடி பிறந்தால் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைகள் பேப்பரை முதுகிலிருந்து பிடிக்கும். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் படத்தைச் சுற்றிப் பாத்திரக்கடையும் பைனான்ஸும் பக்தர்களை வரவேற்கும்.

ஆனால் இரண்டும் அவ்வப்போது வேடம் மாற்றிக்கொள்கின்றன. 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை' என்ற அல்வாக்கடை வாசகம் பார்வைக்கு விளம்பரம். உள்ளே அது பங்காளிக்கு விடுத்த வக்கீல் நோட்டீஸ். நினைவஞ்சலி இன்னும் நுட்பமானது. படத்தின் கீழே மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று ஒரு பட்டியல் வரும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைவிட அந்தப் பட்டியலைத்தான் ஊர் ஊன்றிப் படிக்கிறது. மூத்த மகன் பெயர் ஏன் நாலாவதாக வந்தது, சின்ன மருமகள் பெயர் ஏன் வரவே இல்லை என்ற ஆராய்ச்சி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் ஓயாது.

7. களப்பணி: யார் படிக்கிறார்கள்?

படிக்கவே எழுதப்படாத ஒன்றை யார் படிக்கிறார்கள் என்று அறியக் கைலாசபுரத்தை ஒட்டிய கணேசபுரம் டீக்கடைப் பெஞ்சை அணுகினோம். டீக்கடையில் நாளிதழ் முழுதாக இருப்பதில்லை. தாள் தாளாகப் பிரிந்துவிடும். சினிமாத் தாளை ஒருவர், விளையாட்டுத் தாளை ஒருவர் எடுத்துக்கொள்ள, கடைசியாக வருபவர் கையில் அறிவிப்புத் தாள் சிக்கும். ரிட்டயரான ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். சர்வே எண்ணை விரலால் தொட்டார்.

"இது நம்ம வெல்டிங் ஷாப் சார் மனைல்ல?"

பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார். "அவரேதான். பத்திரம் அவர் தம்பிகிட்டல்ல இருக்கு?"

"அப்படின்னா தம்பிக்கு ஒரு போன் போடு."

அமீனா பலமுறை நடந்தும் முடியாத வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நிலத் தரகர், சீட்டுக் கம்பெனி வசூல்காரர், பங்காளி வீட்டு மருமகள், எதிர்க்கட்சி வக்கீலின் குமாஸ்தா ஆகியோரும் இத்தாளின் நிலையான வாசகர்கள். மேற்படியார் மட்டும் இப்பட்டியலில் இல்லை.

8. முடிவும் பரிந்துரைகளும்

மூன்றாம் பகுதியில் மனத்தில் இருத்தச் சொன்ன நுட்பம் இங்கே உதவுகிறது. பிரதிவாதி இருக்கும் ஊரை விட்டுவிட்டு, இருந்த ஊரின் பேப்பரைச் சட்டம் கேட்டது கவனக்குறைவால் அன்று. ஓடிப்போனவர் தன் பெயரைப் பேப்பரில் தேட மாட்டார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். அவர் பெயரைத் தேடுகிறவர்கள் அவர் விட்டுப்போன தெருவில் இருக்கிறார்கள். அறிவிப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். 'பொது' அறிவிப்பு என்பதன் நடைமுறை இதுவே. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது போய்ச் சேரும். அவர்கள் வழியாக அவருக்கும் போய்ச் சேரும்.

பரிந்துரைகள்: ஒன்று, அறிவிப்புகளைத் தங்கம் விலைக்குக் கீழே அச்சிடலாம், வீட்டிலுள்ள பெண்களும் படிக்க நேர்ந்தால் தொலைந்த பத்திரங்களில் பாதி அன்றே கிடைக்கும். இரண்டு, கரையானுக்கும் சட்ட அங்கீகாரம் தர வேண்டும். எத்தனை காலம்தான் நடுரோடே பழி சுமப்பது? மூன்று, தலைமறைவாக எண்ணுவோர் கவனத்துக்கு: ஊரை விட்டுப் போனால் மட்டும் போதாது. போகுமுன் தெருவில் யாருக்கும் பேப்பர் படிக்கும் பழக்கம் இல்லாதபடி பார்த்துக்கொண்டு போக வேண்டும்.