ஊஞ்சலும் ஸ்டீயரிங்கும்

அமாவாசைதோறும் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்கக் குடும்பத்தோடு மேல்மலையனூர் போகிறோம். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய டாடா சுமோ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
*- வாசகர், செஞ்சி*

ஊஞ்சலில் அங்காளம்மன் ஆடலாம், ஸ்டீயரிங் ஆடக்கூடாது!

விடியற்காலையில் போய், ஆறிக் கிடக்கும் இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால், எத்தனை எலுமிச்சம்பழம் நசுக்கினாலும் அது சுமோ இல்லை, சுமை. மிதியடியைத் தூக்கித் துருவையும் பார்த்துவிடுங்கள். மீட்டரைத் திருப்பிவைக்கலாம், துருவைத் திருப்ப முடியாது. பதிவாகி 15 ஆண்டு தாண்டியிருந்தால், ஆர்.சி. புதுப்பித்த பிறகுதான் அட்வான்ஸ்.

ஒன்று தெரியுமா? 1994இல் வந்த இந்த வண்டிக்கு சுமோ மல்யுத்தத்தை வைத்துப் பெயரிடவில்லை. டெல்கோவை (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் 'Su'வும் 'Mo'வும்தான் சுமோ.