மோட்சத்துக்கு ஒரு எம்.சி.

பத்து வயதில், யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில், இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உபதேசியார். இன்னொருவர் மாதத்துக்கு ஒருமுறை மலையடிவாரத்திலிருந்து லோரியில் ஏறி வரும் சாமியார். (சாமியாருக்கு அவ்வளவு நிச்சயம் இருந்ததா என்பது இப்போது சந்தேகம்தான்.) நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் சாவான பாவம், வலப்பக்கம் அற்பப் பாவம் என்று பேர்வாரியாகக் கணக்கு எழுதி வந்தேன். கள்ளுக்கடைக்குப் போகும் மாமா சாதாரண நாளில் வலப்பக்கம், சம்பள நாளில் இடப்பக்கம். கிராணி ஐயா தோட்டக் கணக்கை எழுதினார், நான் மோட்சக் கணக்கை எழுதினேன். இருவரில் நான்தான் கெடுபிடி.

ஞானோபதேசம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? தகரக் கூரை போட்ட சிறு கோயில், மணிக்குப் பதில் கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு, பெரட்டுக்கு அடிப்பதும் பூசைக்கு அடிப்பதும் அதே இரும்புதான். கேள்வியை உபதேசியார் கேட்பார், பதிலை நாங்கள் ராகம் போட்டு ஒப்பிப்போம், மலையில் மழை இறங்கிவிட்டால் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் கேள்வியும் கேட்காது பதிலும் கேட்காது, உபதேசியார் கையில் இருக்கும் ரோத்தான் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். முடிந்ததும் இனாமல் குவளையில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கிடைக்கும். அந்தத் தேத்தண்ணிக்காக நரகத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். இப்போது என் பேத்திக்கு மறைக்கல்வி புலனத்தில் காணொளியாக வருகிறது. நரகம் என்ற சொல்லே அதில் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. எது நஷ்டம் என்று தீர்மானிக்க முடியாமல் நானும் அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கணக்கில் மிகக் கறாரான வரி, தன்னைத்தானே மாய்த்துக்கொள்வது. மற்ற எந்தப் பாவத்துக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டு, இதற்கு மட்டும் செய்ய ஆள் இருக்க மாட்டார் என்பது உபதேசியார் சொன்ன நியாயம். அப்போது நடப்பில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படி இறந்தவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. யூதாசுக்கு எதற்குத் தண்டனை, காட்டிக்கொடுத்ததற்கா அதற்குப் பிறகு செய்ததற்கா என்று ஒருமுறை கேட்டார். இரண்டாவதற்கு என்று சொன்ன எனக்கு அந்தோணியார் படம் ஒன்று பரிசாகக் கிடைத்தது.

1967 ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 26ஆம் தேதி, பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்து பேர் வாங்கிய ஜிம் தாம்ஸன் என்ற அமெரிக்கர் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடந்து போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று காடு முழுக்கச் சலித்தார்கள். லயத்தில் ஆளுக்கொரு கதை: புலி இழுத்துப் போயிற்று, கம்யூனிஸ்ட் பிடித்துப் போனான், வேண்டுமென்றே ஒளிந்துகொண்டார், தானாகவே முடித்துக்கொண்டார். எனக்கோ பெரிய இக்கட்டு. அவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அன்று காலைதான் ஆங்கிலிக்கன் கோயிலில் ஈஸ்டர் ஆராதனைக்குப் போய் வந்தாராம். கோயிலிலிருந்து வந்த கையோடு ஒருவர் நேரே நரகத்துக்குப் போக முடியுமா? கடைசியில் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். உலகம் இன்னும் அந்தக் கேள்விக்குறியை அழிக்கவில்லை.

கஷ்டம் என்னவென்றால், காலையில் தமிழ்ப்பள்ளியில் வேறு பாடம் நடந்தது. வாத்தியார், வைதிகச் சைவர், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைக் கண் கலங்கச் சொல்வார். மக்களோடு மனம் முறிந்த அரசன் உண்ணாமல் உட்கார்ந்து உயிர் விட்டதும், முகம் பார்த்தே அறியாத பிசிராந்தையார் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் நட்புக்கு இலக்கணம் என்பார். மாலையில் அதே வயிற்றோடு, அதே டவுசரோடு உபதேசியாரிடம் போனால், உண்ணாமல் உயிர் விடுவது சாவான பாவம். காலையில் சோழனை மெச்சி மாலையில் அவனை நரகத்துக்கு அனுப்பிய அந்தப் பையன் இரவில் எப்படித்தான் தூங்கினானோ! நன்றாகவே தூங்கினான். தலைமாட்டில் நோட்டு இருந்ததே.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு நாடகம் போட முடிவாயிற்று. சணலைக் கருப்புச் சாயத்தில் முக்கித் தலைமுடி கட்டிக்கொண்ட சிம்சோன் நான்தான். தேயிலைப் பெட்டிகளை அடுக்கிச் செய்த தூண்களைத் தள்ளி எதிரிகளோடு சேர்ந்து நானும் விழ வேண்டும். ஒத்திகையின்போது விழுந்து கிடந்த இடத்திலிருந்தே கேட்டேன், "ஐயா, சிம்சோன் தானே சாகணும்னுதானே தள்ளினாரு? அப்ப அவருக்குப் பாவம் இல்லையா?"

உபதேசியார் ரோத்தானை ஓங்கினார், பிறகு இறக்கினார். "அது சர்வேசுரன் உத்தரவுடா. நீ எந்திரி, பெட்டிய அடுக்கு."

பல வருஷம் கழித்து ஈப்போவில் வாத்தியார் வேலை பார்த்த நாளில், அகுஸ்தினார் எழுதிய ‘கடவுளின் நகரம்’ கையில் கிடைத்தது. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பிறகு எழுதத் தொடங்கிய நூல். மானம் பறிபோன பெண்கள் உயிரை விட வேண்டியதில்லை, குற்றம் செய்தவன் வேறொருவன், தன்னைக் கொல்வதும் கொலைதான் என்று முதல் பகுதியிலேயே வாதாடுகிறார். உயிர் விடுவதைப் பெருமையாக நினைத்த ரோமருக்கும், வேதசாட்சி ஆகவேண்டும் என்று வலியப் போய்ச் சாவைத் தேடிய ஆப்பிரிக்கக் கூட்டத்தாருக்கும் சேர்த்துக் கடிவாளம் போட வேண்டிய நிலைமை அவருக்கு. ஆனால் ஏற்கெனவே அப்படி உயிரை விட்டுவிட்ட பெண்களை மன்னிக்க மாட்டேன் என்று மனுஷ மனம் உள்ளவர் யாராவது சொல்வார்களா என்று அவரே கேட்டும் வைக்கிறார். பிறகு சிம்சோன் கதைக்கு வருகிறார். ஆவியானவர் இரகசியமாகக் கட்டளையிட்டிருந்தார் என்கிறார். எங்கள் உபதேசியார் அகுஸ்தினாரைப் படித்ததில்லை, பதில் மட்டும் எழுத்துப் பிசகாமல் அதேதான்.

நாடகம் நடக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில், தூண்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வேஷம் போட்டிருந்த என் கூட்டாளியின் அப்பா இறந்துபோனார். எப்படி என்பது லயம் முழுக்கத் தெரிந்த ரகசியம். ஆகவே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அன்று நடந்தவற்றில் பாதி அப்போதே பார்த்தது, மீதி பிறகு கேட்டது. சாமியாருக்கு ஆள் போயிற்று. உபதேசியார் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டிரெஸ்ஸர், நெற்றியில் திருநீறு, நரகத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாதவர், எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் கொடுப்பவர், வேலைக்கு வர முடியாதவர்களுக்குக் கொடுக்கும் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். இப்போது எம்.சி. என்கிறோமே, அதேதான். அச்சடித்த ஆங்கிலத்துக்கு நடுவே இருந்த இடைவெளிகளில், மூன்று நாளாகக் கடுங்காய்ச்சல், சுயநினைவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காய்ச்சல் இருந்ததா? இருந்திருக்கலாம். மலையில் டிசம்பரில் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை.

அந்தச் சீட்டுக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1917 சட்டம் மறுத்தது, தெளிந்த புத்தியோடு தீர்மானித்துச் செய்தவர்களுக்கு மட்டுமே. சந்தேகம் வந்தால் ஆயரைக் கேட்க வேண்டும், அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் அடக்கம் பண்ணலாம், ஊருக்கு இடறலாக ஆரவாரம் மட்டும் கூடாது. எங்கள் மலையிலிருந்து ஆயரைக் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் பெட்டி தாங்காது. சாமியார் சீட்டை இரண்டு தரம் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், போர்வை போர்த்தாமல் வெறும் அங்கியோடு மழையில் நடந்தார். தண்டவாளத் துண்டு அடிக்கவில்லை. கல்லறையின் கடைசி மூலையில், ஆனால் மந்திரித்த பூமிக்கு உள்ளே, கூட்டாளியின் அப்பா அடக்கமானார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். மறுநாள் கூட்டாளியைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்து, விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் விளக்கினேன். சீட்டு இருக்கிறதால் கல்லறைக்குள் விட்டார்கள், மோட்சத்துக்குள் விட மாட்டார்கள் என்றேன். அவன் வாளி நிறையும் வரை நின்றான். முந்தின வாரம் அவனுக்கு நான் பெருந்தன்மையாக இரவல் கொடுத்திருந்த அந்தோணியார் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

1974இல் அம்மா போனாள். அவளைப் பற்றி எந்தச் சந்தேகமும் யாருக்கும் எழவில்லை. தவக்காலம் முடிந்த பிறகும் ஒருசந்தி இருப்பாள், காரணம் கேட்டால் நேர்ச்சை என்பாள், உண்மையில் பானையில் சோறு ஐந்து பேருக்குத்தான் இருந்தது, நாங்கள் ஆறு பேர். இருமலோடு கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறாதே, சீட்டு வாங்கிக்கொள் என்று டிரெஸ்ஸர் எத்தனை தரம் சொன்னாரோ. சீட்டு எடுத்தால் அன்றைய பேர் விழாது, கூலியும் வராது. அவளுக்குப் பூசை, ஆறு மெழுகுவர்த்தி, தண்டவாளத் துண்டில் முழு மணி. பிள்ளைகளுக்காகத் தன்னையே கொடுத்தவள் என்று பிரசங்கம். நானும் அழுதேன், நானும் நம்பினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வருஷத்தில் போனால் அதற்குப் பேர் தியாகம், அதற்கு யாரும் சீட்டுக் கேட்பதில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எல்லாம் சட்டென்று மாறிவிட்டது, அல்லது நான் கீழே இறங்கிவிட்டதால் அப்படித் தோன்றியது. அவுஷ்விட்ஸ் முகாமில் வேறொரு குடும்பஸ்தனுக்குப் பதில் தன்னைப் பட்டினிச் சிறைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி, 1941 ஆகஸ்ட் 14ஆம் தேதி இறந்த மாக்ஸிமிலியன் கோல்பே சாமியாரை 1982 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் புனிதர் என்று, அதுவும் வேதசாட்சி என்று அறிவித்தார். என் பழைய நோட்டில் அவரை எங்கே எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். மறுவருஷம் புதிய திருச்சபைச் சட்டம் வந்தது. அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அந்த வரியே இல்லை! 1992இல் வந்த மறைக்கல்வி ஏடு இன்னும் ஒருபடி போய், அது தவறுதான், ஆனால் கடும் மனநோவும் பயமும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றது. கிட்டத்தட்ட டிரெஸ்ஸர் எழுதியதுதான். அவர் அரைச் சீட்டில் முடித்ததற்கு உரோமாபுரிக்குக் கூடுதலாக இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

அரசாங்கம் அதையும்விட நிதானம். சாகத் துணிந்து பிழைத்தவரைச் சிறையில் போடும் 309ஆம் பிரிவை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரன் தன் ஊரில் 1961லேயே அந்தக் குற்றத்தை நீக்கிவிட்டான். நம் மலேசிய நாடாளுமன்றம் நீக்கியது 2023இல். இதற்கிடையில் 1988இல் மருத்துவர் மணியம் என்பவர் இதே கேமரன் மலையில் நடக்கும் இந்த மரணங்களைப் பற்றி பிரிட்டிஷ் மனநல ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இந்தியர்களே அதிகம். நாங்கள் பாவமா இல்லையா என்று ரோத்தானோடு விவாதித்துக்கொண்டிருந்ததை, அவர் நோயாளிகளாக எண்ணிப் பார்த்திருக்கிறார். பிரசங்கம் காப்பாற்றியவர்களைவிட, மருந்துக் கிடங்குக்குப் போட்ட பூட்டு காப்பாற்றியவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். உபதேசியார் இருந்தால் இதற்கும் ரோத்தானை ஓங்குவார், பிறகு இறக்குவார்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மலையேறினேன். சுற்றுப்பயணிகளின் கார்கள் தாப்பா சாலையில் வரிசையாக நின்றன, ஸ்ட்ராபெரி படம் போட்ட தலையணைகள் வாசலுக்கு வாசல் தொங்கின. கூட்டாளி லேண்ட்ரோவரில் பயணிகளை ஏற்றிக்கொண்டு தேயிலைக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறவன், அன்று லீவு போட்டிருந்தான். கோயில் வாசல் பலகையில், மனம் நொந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது, பூசை நேரத்துக்குப் பக்கத்திலேயே. அவனோடு அந்தக் கடைசி மூலைக்குப் போனேன். கல்லறை நிரம்பி அப்பாலும் விரிந்துவிட்டதால் அது இப்போது மூலையே இல்லை, நட்டநடு.

ஐம்பத்தேழு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். குழாயடி, வாளி, அந்தோணியார்.

"அப்படியா சொன்ன? எனக்கு ஞாபகமே இல்ல லா," என்றான். பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தான். "உபதேசியாரு அம்மாகிட்ட ஒண்ணு குடுத்தாரு. பத்திரமா வச்சிக்க தாயின்னு. அதுதான் ஞாபகம் இருக்கு."

பணப்பையிலிருந்து எடுத்தான். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மடித்த இடத்தில் மை கரைந்து பழுப்பேறியிருந்த அந்தச் சீட்டில் பேர், டிவிஷன், காய்ச்சல், சுயநினைவு இல்லை எல்லாம் டிரெஸ்ஸரின் சாய்ந்த எழுத்தில் இருந்தன. எந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் திரும்பலாம் என்று அச்சிட்டிருந்த இடத்தில் மட்டும் ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்தியது போல ஒரு மைப்புள்ளி, அதிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு நீளக் கோடு.